பனிக்கட்டி தோட்டத்துக்கு வந்த வழி



பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் வீடு திரும்புமுன் ஒட்டுக்கடை ஓரமாக நின்று ஒரு கிண்ணம் செண்டோலோ ஐஸ் கச்சாங்கோ சாப்பிடுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், அது இல்லாமல் திரும்பவே முடியாது. அந்தக் கிண்ணத்தை யாரும் சரித்திரப் பாடமாக நினைப்பதில்லை. ஆனால் அதற்குள் சாவகம் இருக்கிறது, சீனம் இருக்கிறது, அமெரிக்காவில் உறைந்து கிடந்த ஓர் ஏரி இருக்கிறது, நம் தோட்டத்துத் தென்னை மரமும் இருக்கிறது. இவற்றுள் மிகவும் பிந்தி வந்து சேர்ந்தது பனிக்கட்டிதான். அது முதலில் நமக்காக வந்ததும் அல்ல. அது எப்படி நம் லயத்து வாசல் வரை வந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நம் நாட்டு வெயிலைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் காலத்தில் வெப்பம் 40 பாகையைத் தொடுவது உண்டு. இங்கே நண்பகலில் பெரும்பாலும் 32, 33 பாகைதான். கணக்குப்படி பார்த்தால் நம் நாடுதான் குளுமையான நாடு! ஆனாலும் இங்குள்ள புழுக்கம் தாங்க முடியவில்லை என்று அங்கிருந்து வருகிற உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் காற்றில் உள்ள ஈரம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எங்கே போகும்? சட்டையில்தான் ஊறும். பால்மரக் காட்டில் காற்றும் அதிகம் புகாது. இருட்டு விலகுமுன் பிரட்டுக்குப் போய், குளுமை இருக்கும்போதே மரம் சீவத் தொடங்குவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த அவசரம். பால் எடுத்து, தோள் வலிக்கச் சுமந்து, நிறுவைக்குக் கொண்டு வந்து சேர்க்கும் நேரத்தில் உடுத்திய துணியைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

மண்பானையின் சங்கதியும் இதேதான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. வறண்ட காற்று வீசும் மதுரைப் பக்கம் பானைத் தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிரும். இங்கே ஈரக் காற்றில் அதே பானை பாதி வேலைதான் செய்யும். ஊரிலிருந்து வந்த நம் முன்னோர் கொண்டுவந்த பழக்கங்களில் எது இந்த மண்ணில் பலித்தது, எது பலிக்கவில்லை என்று யாராவது கணக்கெடுத்தால் மண்பானையையும் அதில் சேர்க்கலாம்.

பனிக்கட்டி வருமுன் மக்கள் தாகத்துக்கு ஒன்றும் இல்லாமல் இருந்துவிடவில்லை. நம்மவருக்கு நீராகாரம் இருந்தது, மோர் இருந்தது, திருவிழாவென்றால் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்த பானகம் இருந்தது. மலாய்க்காரர்களுக்கு இளநீரும் செண்டோலும் இருந்தன. செண்டோல் பனிக்கட்டியால் பிறந்த பண்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. சாவகத்தில் இதைத் தாவெட் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட செரத் செந்தினி என்னும் சாவக நூலிலேயே தாவெட் பற்றிய குறிப்பு உண்டு. அப்போது இந்தப் பகுதிக்குப் பனிக்கட்டி வந்திருக்கவே இல்லை. அரிசி மாவில் செய்த வழுவழுப்பான துண்டுகள், தேங்காய்ப்பால், வெல்லப்பாகு ஆகிய மூன்றையும் கலந்து நிழலில் வைத்துக் குடித்தார்கள். நம் பானகத்துக்கு அது ஒருவகையில் சித்தப்பா பிள்ளை எனலாம்.

இனிப் பனிக்கட்டிக்கு வருவோம். அமெரிக்காவின் போஸ்டன் நகரத்தில் பிரடெரிக் டியூடர் என்ற வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் அங்கே ஏரிகளும் குளங்களும் உறைந்து கல்லாகிவிடும். காசில்லாமல் கிடைக்கும் அந்தப் பனியை வெட்டி, வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 1806ஆம் ஆண்டு முதல் கப்பலை மேற்கிந்தியத் தீவான மார்த்தினிக்குக்கு அனுப்பினார். ஊரார் சிரித்தார்கள். முதலில் நட்டம்தான் கண்டார். ஆயினும் விடாமல், பனியைக் காக்கும் வழியைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டார். அந்த வழி மிகவும் எளியது: பனிப்பாளங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளை நிரப்பிவிடுவது. மரத்தூளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. மர ஆலைகளில் வேண்டாமென்று ஒதுக்கிய தூள் அவருக்குப் பொன்னாயிற்று.

1833ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய பனி ஏறிய டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் போஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்கவேண்டும். செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது! இது எப்படி முடிந்தது என்றால், பனியின் இயல்பே அதற்குத் துணை. ஒரு கிலோ பனியை உருக்குவதற்கு வேண்டிய வெப்பம், உருகிவந்த அந்த நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பம் உள்ளே புகும்வரை பனி விடாப்பிடியாகப் பனியாகவே இருக்கும். பெரும் பாளமாக இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் உருகும்.

சென்னைக் கடற்கரையிலும் 1842இல் இந்த வாணிபத்துக்காக ஒரு வட்ட வடிவக் கட்டடம் எழுந்தது. இயந்திரப் பனி வந்து போஸ்டன் பனியின் வாணிபம் நொடித்தபின் அது வேறு கைகளுக்கு மாறியது. 1897இல் மேல்நாடு சென்று திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். அதைச் சுற்றியுள்ள பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். சென்னையில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் சிலர் அந்தக் கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கலாம். உள்ளே இருந்த பொருளைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அது துரைமார் வீட்டு மேசைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன சரக்கு. இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லலாம். காந்தியடிகள் விரும்பிப் படித்த தோரோ என்ற அமெரிக்க அறிஞர், வால்டன் என்ற குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர். தம் குளத்தில் கூலியாட்கள் பனி வெட்டுவதைப் பார்த்து, சென்னைவாசிகள் தம் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள் என்ற கருத்தில் தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூல் வெளிவந்த ஆண்டு 1854.

அதே 1854இல்தான் சிங்கப்பூரில் பனிக்கட்டிக் கிடங்கு திறக்கப்பட்டது. திறந்தவர்கள் வாம்போவா என்று எல்லாரும் அழைத்த ஹூ ஆ கே என்ற சீன வணிகரும் கில்பர்ட் ஆங்கஸ் என்பவரும். வாம்போவா சிறுவயதில் கந்தோன் பக்கத்திலிருந்து வந்து, கப்பல்களுக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பெரும் செல்வரானவர். பின்னாளில், 1869இல், சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் சீனரும் அவரே. அப்படிப்பட்டவர் நடத்தியும் பனி வாணிபம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. போஸ்டனிலிருந்து வந்த பனியைத் தினமும் வாங்கித் தீர்க்குமளவு பணக்காரர்கள் அன்றைய சிங்கப்பூரில் இல்லை. விற்காத பண்டம் கிடங்கில் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. இது உருகி ஆற்றில் ஓடும் பண்டம்.

பனிக்கட்டி ஏழைக்கு எட்டியதற்குக் காரணம் இயந்திரம்தான். 1850களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற அச்சுக்கூடக்காரரும், பிரான்சில் பெர்டினான்ட் கார்ரே என்பவரும் பனி செய்யும் பொறிகளை உருவாக்கினார்கள். கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்கிறதே, அதே தத்துவம்தான். ஒரு திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் உள்ள சூட்டை எடுத்துக்கொள்ளும். பொறி அந்த ஆவியை மீண்டும் அழுத்தித் திரவமாக்கி, திரும்பத் திரும்ப அதே வேலையை வாங்குகிறது. இப்படிக் குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில், நல்ல தண்ணீர் நிரப்பிய நீண்ட தகரப் பெட்டிகளை இறக்கி வைத்தால் உள்ளே இருப்பது பாளமாக உறைந்துவிடும். ஐஸ் பாளத்தின் ஓரம் கண்ணாடி போலவும் நடுப்பகுதி வெண்மையாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வெளிப்புறம் முதலில் உறைகிறது. நீரில் கரைந்த காற்றும் அழுக்கும் உள்நோக்கித் தள்ளப்பட்டு நடுவில் மாட்டிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

1860களில் சிங்கப்பூரில் பனி ஆலை வந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் தீபகற்பத்தின் பெரிய பட்டணங்களிலும் பனிப்பாளம் கிடைக்கத் தொடங்கியது. அது லாரியில் வந்தது. மேலே சாக்கு, கீழே மரத்தூள். டியூடர் கண்டுபிடித்த பாதுகாப்பு நூறு ஆண்டு கழித்தும் மாறவில்லை. இரப்பர் ஏற்றுமதி பெருகிய அதே காலம்தான் இது. ஆனால் தோட்டப்புறத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே இருந்தது சில மைல் செம்மண் சாலை மட்டுமல்ல. 1920களின் பிற்பகுதியில் தோட்டத் தமிழருக்கு முக்கிய மாவட்டங்களில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை சரிந்தபோது அதையும் குறைத்தார்கள். அந்தக் கூலியில் ஐந்து காசுக்கு ஒரு குளிர்பண்டம் என்றால், ஆணுக்கு அது நாள் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு. பெண்ணுக்கு எட்டில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் செண்டோலுக்கு உயிர்கொடுக்கும் குலா மலாக்காவைப் பற்றிப் பேசவேண்டும். தென்னம்பாளையைச் சீவிச் சொட்டும் சாற்றை இறக்கிய உடனே பல மணி நேரம் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைத்தால் குலா மலாக்கா. காய்ச்சாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிப்பது தடைபடும். திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது தெரியாத வித்தையல்ல. பனையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய கைகள் அவை. அப்படியிருந்தும் நடந்தது என்ன? கம்பத்தில் இறக்கிய சாறு அடுப்புக்குப் போயிற்று. தோட்டத்தில் இறக்கிய சாறு கள்ளுக்கடைக்குப் போயிற்று. மரம் ஒன்றுதான், சாறும் ஒன்றுதான். உடல் வலி மறக்கக் குடித்தார்கள் என்பார்கள்; அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கொதிக்கும் வெயிலில் உழைத்துத் திரும்பியவனுக்கு உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத்து எல்லைக்குள்ளேயே காத்திருந்தது. ஒரு துண்டு ஐஸுக்கு அவன் பட்டணம் போகவேண்டியிருந்தது. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொழிலாளர்களே தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். பெடோங் வட்டாரத்தில் அது போலீசாருடன் மோதலாகி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வீட்டுப் பெண்களின் கண்ணீர் அந்தப் படைக்குப் பின்னால் இருந்தது.

சண்டைக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் பனிக்கட்டி நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது, ஐஸ் உருண்டை வடிவில். அதைப் பார்த்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருப்பார்கள். மரப்பலகையில் தலைகீழாக ஒரு கத்தி பதித்திருக்கும். வியாபாரி பனித்துண்டை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்ப்பார். பலகைக்குக் கீழே பூப்போல் உதிரும் பனியை வெறுங்கையால் பிடித்து உருட்டுவார். ஒரு பக்கம் சிவப்புச் சிராப், மறுபக்கம் வெல்லப்பாகு ஊற்றிக் கையில் கொடுப்பார். தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. உறிஞ்சிக்கொண்டே வீடு போய்ச் சேருமுன் விரல் மரத்துவிடும், சட்டை முழுதும் சிவப்பாகிவிடும். சம்பள நாளிலும் கோயில் திருவிழாவிலும் தோட்டத்துக்குள் சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகள் ஓடியது இதற்காகத்தான்.

சுகாதார அதிகாரிகள் இந்த உருண்டையை வெறுத்ததற்கும் காரணம் உண்டு. உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. குடற்காய்ச்சல், வாந்திபேதிக் கிருமிகள் பனியில் முடங்கிக் கிடந்து, உருகியதும் மீண்டும் வேலையைத் தொடங்கக்கூடியவை. ஆற்று நீரையும் மூடாத கிணற்று நீரையும் குடித்து எத்தனையோ குழந்தைகளைப் பறிகொடுத்த தோட்டப்புற மக்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல. ஆகவே ஐஸ் சுத்தமா என்ற கேள்வி, அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் ஆனது, யார் கை பட்டது என்ற கேள்விதான். உருண்டை மறைந்து, கைப்பிடியைச் சுற்றினால் பனி சீவும் இரும்புப் பொறியும் கிண்ணமும் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

கிண்ணம் வந்ததும் அதற்குள் பண்டங்கள் சேரத் தொடங்கின. கச்சாங் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பயறு, கடலை என்று பொருள். கச்சாங் பூத்தே விற்ற நம்மவர்களால் நமக்கு அது பழகிய சொல்தான். ஐஸ் கச்சாங் என்பது தொடக்கத்தில் சீவிய பனியும் வேகவைத்த சிவப்புப் பயறும் மட்டுமே. அந்தப் பயறு சீனர்கள் இனிப்புக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும் பயறு. பிறகு கறுப்புச் சிஞ்சாவ், மக்காச்சோளம், ஜெல்லி எல்லாம் ஏறிக்கொண்டன. மேலே ஊற்றும் டின் பாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று நெஸ்லே என்று நாம் அறியும் நிறுவனம் 1912ஆம் ஆண்டு பினாங்கில் கால்வைத்தது. கண்ணாடி போன்ற அத்தாப்புக் கொட்டை நிப்பா மரத்தின் பிஞ்சுக்காய். வாயில் போட்டால் நம் நுங்கின் நினைவு வரும். அந்த மரத்தின் ஓலைதான் முற்காலத்து லயங்களுக்கு அத்தாப்புக் கூரையானது.

செண்டோலின் பச்சைத் துண்டுகளைச் செய்யும் முறையிலும் நமக்கு அந்நியம் இல்லை. அரிசி மாவையும் பச்சைப்பயற்று மாவையும் பாண்டான் இலைச் சாற்றில் கரைத்துக் கிண்டுகிறார்கள். துண்டுகள் உறுதிப்பட, நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தெளிநீராகச் சிறிது சேர்க்கிறார்கள். வெந்த மாவைத் துளையிட்ட கரண்டி வழியே குளிர்ந்த நீரில் பிழிந்துவிடுகிறார்கள். பூந்தி தேய்த்தவர்களுக்கும் இடியாப்பம் பிழிந்தவர்களுக்கும் ஒரு முறை பார்த்தால் போதும். பல ஊர்களில் செண்டோலை விற்றுப் பேர் வாங்கியவர்கள் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளே. ஒரே வண்டியில் ஒரு பக்கம் ரோஜாக், மறுபக்கம் செண்டோல். வடையும் தவ்ஹுவும் உருளைக்கிழங்கும் வெட்டிப்போட்டு, வெள்ளரியும் செங்குவாங்கும் சீவிச் சேர்த்து, காரமும் இனிப்புமான குழம்பை ஊற்றித் தருவார்கள். உதடு எரியும்போது செண்டோல். சிலர் பிசின் அரிசிச் சோறும் ஒரு கரண்டி போடுவார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று ருசிக்காது என்பது என் கட்சி.

தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் பல இடங்களில் மிகவும் தாமதமாகவே வந்தது. இரவில் சில மணி நேரம் மட்டும் எஞ்சின் ஓடிய தோட்டங்கள் உண்டு. அந்த வெளிச்சத்தில் படிக்கலாம், குளிர்ப்பெட்டி வைக்க முடியாது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவு வசதிகளை வற்புறுத்தும் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. அதன் பின்னும் நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்கப் பல தோட்டங்கள் நெடுங்காலம் காத்திருந்தன. கம்பி வந்து சேர்ந்த பிறகு, லயத்தில் எவர் வீட்டில் முதலில் குளிர்ப்பெட்டி வாங்கினார்களோ அந்த வீட்டு அம்மாவுக்குப் புதிய தொழில் ஒன்று தொடங்கிவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சிராப்போ, மைலோவோ, ஆசம்போயோ கலந்து, ஒல்லியான பிளாஸ்டிக் பையில் ஊற்றி, இரப்பர் வளையம் போட்டு இறுக்கி, இரவு முழுவதும் உறையவைப்பார். ஐஸ்கிரீம் மலேசியா என்று அதற்குப் பெயர். விலை பத்துக் காசு, இருபது காசு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வீட்டு வாசலில் பிள்ளைகள் வரிசை நிற்கும். சில்லறை இல்லாதவன் கணக்கில் எழுதச் சொல்வான். அம்மா பையின் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் கொடுப்பார்.